மாலை கழற்றிய பிறகும் மரக்கறிதான்

லீக்ஸ் ஏற்றிய லொறியில் ஒரு வாசனை இருக்கும். வெங்காயமும் ஈர மண்ணும் கலந்த மாதிரி. நுவரெலியாவில் பின்னேரம் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல என்று இறங்கி, விடிவதற்குள் கொழும்பு மெனிங் சந்தையில் இறக்க வேண்டும். 2020இல் அந்தச் சந்தை பேலியகொடைக்குப் போனது. அதற்கு முன்னும் பின்னுமாக 16 வருஷம் இதுதான் என் தொழில். கரட், கோவா, போஞ்சி, பீட்ரூட், ராபு எல்லாம் என் கை வழியாகத்தான் மலையிறங்கின. ஆனால் நடுச்சாமத்தில் அவிசாவளையில் லொறியை ஓரம் கட்டிவிட்டு நான் சாப்பிட்டது கோழிக்கொத்து. என் முதுகுக்குப் பின்னால் 3,000 கிலோ மரக்கறி இருக்கும். என் தட்டில் இருந்த மரக்கறி, கொத்துக்குள் வெட்டிப் போட்ட நாலு துண்டு லீக்ஸ்தான்.

வீட்டிலும் அப்படித்தான். எங்கள் வீடு லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். அம்மா கொழுந்து எடுத்தவர், இப்போது மனைவியும் மலைக்குப் போகிறாள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, ஓட வேண்டும். கோதுமை மாவைப் பிசைந்து நாலு ரொட்டி சுட்டு, ஒரு சம்பலை இடித்தால் மத்தியானம் வரைக்கும் வயிறு தாங்கும். மா மலிவாகக் கிடைத்தது, வேலையும் சுருக்கு. சோறு இருந்தால் பக்கத்தில் பருப்பு, பொரித்த கருவாடு, ஞாயிற்றுக்கிழமை கோழி. லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் நாங்கள் போட்ட கரட்டும் கோவாவும் சாக்கில் கட்டி ரோட்டுக்குப் போய்விடும். விற்றால் காசு, சாப்பிட்டால் என்ன கிடைக்கும் என்பதுதான் கணக்கு. யாரையும் குறை சொல்லவில்லை. வயிறு நிறைவதே பெரிய காரியமாக இருந்த காலத்தில் வந்த பழக்கம் அது.

2016இல் எனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தது. வெறும் வயிற்றில் 171. 126 தாண்டினாலே நீரிழிவு என்று கிளினிக்கில் சொன்னார்கள். மெட்போமின் குளிசை தந்தார்கள். பிரஷரும் 150க்கு 95. குளிசையைப் போட்டுக்கொண்டு கொத்தையும் சாப்பிட்டேன். ஒரு வருஷம் போயும் கணக்கு பெரிதாக இறங்கவில்லை.

2017 கார்த்திகை முதலாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டேன். அதுதான் முதல் தடவை, கன்னிச்சாமி. 41 நாள் மீன் இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை, சாராயம் இல்லை. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல். அந்தக் குளிரில் அது எப்படியிருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். லொறிக்கு என் மச்சானைப் போட்டுவிட்டு நான் வீட்டோடு இருந்தேன். மனைவி சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு கீரை என்று சமைத்தாள். சபரிமலைக்குப் போய் வந்து, தை மாதம் கிளினிக்குக்குப் போனால் வெறும் வயிற்றில் 128. மிஸ்ஸி, அதாவது அங்கிருந்த தாதி, ரிப்போட்டை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "சாமி என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த இறக்கம் முழுவதும் மரக்கறியால் வந்தது இல்லை. சாராயத்தை நிறுத்தினேன், நடுச்சாமச் சாப்பாட்டை நிறுத்தினேன், இரவு நித்திரை கொண்டேன். எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தது. ஆனால் உடம்பில் இருந்த பாரம் குறைந்தது எனக்கே தெரிந்தது. பல வருஷமாக மலச்சிக்கலுக்கு மருந்து குடித்தவன் நான். அந்த 41 நாளும் அது தேவைப்படவில்லை. மாலையைக் கழற்றிய அன்று, இனி மரக்கறிதான் என்று முடிவு செய்தேன். "மாலையத்தான் கழட்டிட்டியேப்பா, இன்னும் என்ன விரதம்?" என்று அம்மா கேட்டார். "இது சாமிக்கு இல்லம்மா, சீனிக்கு" என்றேன்.

அடுத்த எட்டு மாதத்தில் நான் செய்த பிழையைத்தான் விவரமாகச் சொல்ல நினைக்கிறேன். சைவத்துக்கு மாறுகிற முக்கால்வாசிப் பேர் இதே இடத்தில்தான் விழுகிறார்கள்.

திரும்ப லொறியில் ஏறினேன். மச்சம் தொடவில்லை. காலையில் ஹட்டனில் இரண்டு கிழங்கு ரொட்டி, ஒரு பிளேன் டீ. பத்து மணிக்கு உளுந்து வடை. மத்தியானம் குவியலாக வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம். இரவு பரோட்டா, பருப்பு. ஒரு தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி, ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி. நான் சைவம் என்ற நினைப்பு வேறு, அதனால் எவ்வளவு சாப்பிட்டாலும் தப்பில்லை என்று மனது சொல்லும். ஆவணி மாதம் பார்த்தால் எடை நாலு கிலோ கூடியிருந்தது. சீனி 186.

டொக்டர் சிங்களத்தில் கேட்டதை அந்த மிஸ்ஸிதான் தமிழில் சொன்னார். முதல் நாள் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல விரல் மடக்கினார். "மா, மா, கிழங்கு, சோறு, மா. இதுல மரக்கறி எங்க அண்ணே? நீங்க மச்சத்த விட்டீங்க, மரக்கறிய தொடவே இல்ல." என் கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். நடுவே ஒரு கோடு, ஒரு பக்கத்தில் இன்னொரு கோடு. அரைத் தட்டு மரக்கறியும் கீரையும். கால் தட்டு பருப்பு, பயறு, கடலை. மிச்சக் கால் தட்டில் சோறோ ரொட்டியோ கிழங்கோ, மூன்றில் ஒன்று. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் ஈரப்பலாக்காயும் மரக்கறிப் பக்கத்தில் சேராது, சோற்றுப் பக்கத்தில்தான் சேரும் என்று அழுத்திச் சொன்னார். அந்த அட்டை இப்போதும் எங்கள் குசினிச் சுவரில் இருக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது அந்த வட்டம்தான். மச்சத்தை எடுத்துவிட்டால் தட்டில் ஒரு இடம் காலியாகிறது. அந்த இடத்துக்கு மா வந்தால் சீனி ஏறும். பயறும் கீரையும் வந்தால் இறங்கும். நார்ச்சத்து சாப்பாட்டைக் குடலில் மெதுவாகப் போகவைக்கிறது, அதனால் சீனி ஒரேயடியாக இரத்தத்தில் ஏறுவதில்லை. பருப்பு, பயறு வகையில் நாரும் புரதமும் ஒன்றாக இருக்கின்றன. வேகவைக்காத மைசூர்ப் பருப்பை எடுத்தால் 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழங்கு அந்தக் கணக்கில் வராது. அந்த 400 கிராமை எங்கள் தராசில் போட்டுப் பார்த்தேன். ஒரு நடுத்தர கரட், ஒரு கைப்பிடி போஞ்சி, ஒரு கட்டுக் கீரையில் பாதி, ஒரு கொய்யா. டன் கணக்கில் ஏற்றி இறக்கியவனுக்கு அதைப் பார்த்தபோது மனது கஷ்டமாக இருந்தது.

சமையல் மாறிய விதத்தைச் சொல்கிறேன். இரவு படுக்கும் முன் ஒரு சுண்டு கடலையோ பயறோ கவ்பியோ ஊறப்போடுவோம். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் ரொட்டிதான், அதனால் ஊறப்போடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பயறை முளைக்கவிட்டால் இன்னும் நல்லது, அதிலுள்ள இரும்பு உடம்பில் கூடுதலாகச் சேரும். ரொட்டியை முற்றாக விடவில்லை, விடவும் முடியாது. பாதி கோதுமை மா, பாதி குரக்கன் மா, அதற்குள் துருவிய கரட்டும் நறுக்கிய லீக்ஸ் இலையும். நாலு சாப்பிட்டவன் இரண்டோடு நிறுத்தினேன். லீக்ஸின் பச்சைப் பகுதியை எங்கள் பக்கம் வெட்டி எறிந்துவிடுவார்கள். அதைப் பொடியாக அரிந்து, மஞ்சளும் பச்சை மிளகாயும் போட்டு, மூடாமல் இரண்டு நிமிஷம் பிரட்டி, இறக்கும்போது தேசிக்காய் விட்டுப் பாருங்கள். வல்லாரை ஈரமான இடத்தில் வளர்வது, அதனால் இலை இலையாகக் கழுவி, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டுத்தான் சம்பலுக்கு அரிவோம். பொன்னாங்காணி, கங்குன், கோவா மல்லுங் என்று கிழமைக்குச் சுற்றி வரும்.

தேங்காயில் மட்டும் பெரிய சண்டை நடந்தது. முதல் பால் விடாத கறி கறியா என்று அம்மா கேட்டார். தேங்காய்க் கொழுப்பில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ரோலை அது ஏற்றும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு தேங்காய் உடைத்த வீட்டில் இப்போது பாதி. பருப்புக்குப் பால் விடுவதில்லை, தாளிப்பதோடு சரி. மூன்று மாதத்தில் நாக்கு பழகிவிட்டது.

ரோட்டில் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கடையில் சம்பல், பருப்பு, மல்லுங் எதையும் மரக்கறி என்று நம்பி வாங்க வேண்டாம். பாதிக் கடைகளில் மாசிக் கருவாடு இடித்துப் போட்டிருப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்களுக்கு மாசி ஒரு மசாலாச் சாமான் மாதிரி. "உம்பலகட நெத்துவ" (மாசி இல்லாமல்) என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மரக்கறிக் கொத்தும் கோழி போட்ட அதே கல்லில்தான் வெட்டுப்படும், மேலே ஊற்றுகிற குழம்பும் பெரும்பாலும் கோழிக்குழம்புதான். இதெல்லாம் பார்த்து அலுத்துத்தான் நான் சாப்பாட்டுப் பெட்டி கட்டத் தொடங்கினேன். சிவப்பரிசிச் சோறு கொஞ்சம், அவித்த கடலை, ஒரு கீரை, ஒரு கறி. கித்துல்கலயில் எட்டு மணிக்கே நிறுத்திச் சாப்பிட்டுவிட்டால் நடுச்சாமத்தில் பசிக்காது. முதல் மாதம் கிளீனர் தம்பி கொத்துக் கடைக்குத் தனியாகப் போனான். பிறகு, "அண்ணே, எனக்கும் ஒரு பெட்டி கட்டச் சொல்லுங்க" என்றான்.

கருவாட்டை விட்டதன் பலன் பிரஷரில் தெரிந்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பார்கள். கருவாடு பொரிக்கிற வீட்டில் அந்தக் கணக்கு ஒரு வேளையிலேயே முடிந்துவிடும். ஆறு மாதத்தில் எனக்கு 132க்கு 84 வந்தது. ஊறுகாய், அப்பளம், பக்கெட் சூப் தூள் எல்லாம் சைவம்தான், உப்பும் அவற்றில் அள்ளிப் போட்டதுதான். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி என் மனைவியின் கதை. நான் மரக்கறிக்கு மாறியதும் அவளும் மாறினாள், தனித்தனியாகச் சமைக்க நேரமில்லை. அடுத்த வருஷம் மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றாள். ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. சைவத்தால் வந்தது என்று அம்மா அடித்துச் சொன்னார். ஆனால் பழைய கொப்பியைப் புரட்டினால், மச்சம் சாப்பிட்ட காலத்திலும் 10தான் இருந்திருக்கிறது. கர்ப்பமாக இருந்தபோதிலிருந்து இரும்புக் குளிசை தந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். அவளும் ஒழுங்காகப் போட்டிருக்கிறாள். எதோடு என்று கேட்டார் மிஸ்ஸி. "தேத்தண்ணியோட."

தேயிலையின் அந்தத் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. கீரை, பருப்பில் இருக்கும் இரும்பு இறைச்சியில் இருப்பதைப் போல லேசில் சேராது, அதன் மேல் தேத்தண்ணியையும் ஊற்றினால் கிடைப்பது கொஞ்சம்தான். பால் விட்டாலும் இதேதான். நாலு தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்கிற எங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்று நினைக்கும்போது எனக்கு ஆத்திரம் வரும். பத்து மணிக்கு மலையில் ரொட்டியும் தேத்தண்ணியும், மத்தியானம் சோறு முடிந்த கையோடு தேத்தண்ணி. எங்கள் பெண்கள் காலங்காலமாக இப்படித்தான் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை, நேரத்தைத்தான் மாற்றச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் இடைவெளி. குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு போட வேண்டும், ஏனென்றால் விட்டமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒரு கொய்யா மரம் நிற்கிறது. தோடம்பழத்தை விடக் கொய்யாவில் விட்டமின் சி பல மடங்கு கூட. அது பிள்ளைகள் கல்லெறிந்து விளையாடுகிற மரமாகத்தான் அதுவரை இருந்தது. ஆறு மாதத்தில் அவளுக்கு 11.8 வந்தது, அடுத்த தடவை 12.3.

என் கால் மரத்துப்போனது 2021இல். முதலில் பெருவிரல், பிறகு பாதம். ஒரு இரவு கினிகத்தேனை இறக்கத்தில் கிளச்சை மிதித்திருக்கிறேனா இல்லையா என்று கால் சொல்லவில்லை. குனிந்து பார்த்தேன். அந்தப் பயத்தை மறக்க முடியாது. ஒரு தனியார் மருந்தகத்தில் காட்டினேன். சீனி வருத்தக்காரருக்கு நரம்பு இப்படித்தான் போகும் என்று சொல்லி வலிக் குளிசை தந்தார்கள். நாலு மாதம் அதிலேயே வீணானது. கிளினிக்கில் புதிதாக வந்த டொக்டர் இரண்டே கேள்வி கேட்டார். எத்தனை வருஷமாக மெட்போமின்? மச்சம், முட்டை, பால் எது சாப்பிடுகிறீர்கள்? விட்டமின் பி12 பார்க்க இரத்தம் எடுக்கச் சொன்னார். மிகவும் குறைவு.

சைவம் சாப்பிடுகிற எல்லோரும் இந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பி12 மரத்திலும் செடியிலும் இல்லை. எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் கிடைக்காது. மச்சம், முட்டை, பால், தயிர், அல்லது பி12 சேர்த்துச் செய்த சாப்பாடு, இல்லாவிட்டால் குளிசை. ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும், ஆனால் அது வந்தே ஆக வேண்டும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில வருஷம் எடுக்கும், அதற்குள் நரம்பு பழுதாகிவிடலாம். மெட்போமின் நீண்ட காலம் போடுகிறவர்களுக்கு பி12 உடம்பில் சேர்வதும் குறையும். நான் முட்டை தொடவில்லை, பால் தேத்தண்ணியில் விடுகிற கொஞ்சம்தான். இரண்டு பக்கமும் அடி. ஊசி தொடங்கினார்கள். முதலில் அடிக்கடி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. பாதம் திரும்பி வந்தது. இடது பெருவிரல் மட்டும் இன்றைக்கும் முழுதாக வரவில்லை. இப்போது தினமும் ஒரு கோப்பை தயிர் சாப்பிடுகிறேன், வருஷத்துக்கு ஒரு தடவை பி12 பார்க்கிறேன்.

2022இல் டீசலும் இல்லை, பால்மாவும் இல்லை, லொறி ஆறு கிழமை நின்றது. அந்தத் துண்டு நிலம் முழுவதையும் அந்த வருஷம்தான் முதல் தடவையாக எங்களுக்கென்று போட்டோம். அதற்கு அப்புறம் அதில் விளைந்தது ரோட்டுக்குப் போகவில்லை.

மகள் ஏ.எல். பயோ படிக்கிறாள். ஓக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 48,000 பேருக்கு மேல் 18 வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2019இல் வந்ததாம். இறைச்சி சாப்பிட்டவர்களோடு பார்க்கும்போது சைவக்காரருக்கு இருதய அடைப்பு நோய் 22 வீதம் குறைவு. ஆனால் பக்கவாதம் 20 வீதம் கூட. இரண்டாவதையும் சேர்த்தே சொன்னதற்காக அவளை மெச்சினேன். சைவம் என்றால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். பிரஷரை நான் விடாமல் பார்ப்பது அதனால்தான். சொசேஜஸ் மாதிரிப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் 2015இல் சொல்லிவிட்டது. மகன் இன்னும் மீன் சாப்பிடுகிறான், அதை நான் தடுக்கவில்லை. அவன் தட்டிலும் அந்த அரைப்பங்கு இருக்க வேண்டும் என்பதில்தான் பிடிவாதம்.

மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையில் போன தடவை எனக்கு 6.8. இரண்டு மெட்போமின் ஒன்றாகிவிட்டது, குறைத்தது டொக்டர். மரக்கறிக்கு மாறிவிட்டேன் என்று தானாகவே குளிசையை நிறுத்திய ஒரு சாரதியை, சீனி 400 தாண்டி வார்டில் போய்ப் பார்த்தேன். அந்தப் பிழையை மட்டும் செய்யாதீர்கள்.

போன கிழமை மனைவி ஒரு கதை சொன்னாள். பத்து மணிக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் குரக்கன் ரொட்டியும் அவித்த பயறும் ஒரு கொய்யாவும் எடுத்தாளாம். பக்கத்து நிரையில் எடுக்கிற அக்கா போத்தலைத் திறந்து தேத்தண்ணி ஊற்றப் போனவர், இவளைப் பார்த்து, "எத்தன மணிக்கு குடிக்கணும்னு சொன்ன?" என்று கேட்டிருக்கிறார். "பதினொன்றரை ஆகட்டும்க்கா." அந்த அக்கா போத்தலை மூடிக் கூடைக்குள் வைத்துவிட்டு, இவள் கொய்யாவில் பாதியை வாங்கிக்கொண்டாராம்.